உம்மா ஆஸ்பத்திரின்னாலே வர மாட்டேங்கறாங்க, எப்படிக் கூட்டிட்டுப் போறது?

வெள்ளாறு_மகள்:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

நான் புதுச்சேரி சுல்தான்பேட்டையில இருக்கேன். பிளவுஸுக்கு ஆரி ஒர்க் போட்டுக் கொடுக்கற வேலை. உம்மா பரங்கிப்பேட்டையில தம்பி வீட்டுல. வயசு 61. போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப முதுகு பிடிச்சிருக்குன்னு தைலம் தேய்க்கச் சொன்னாங்க. தேய்ச்சுக்கிட்டே கை பக்கவாட்டுல போச்சு. இடது மாருக்கும் அக்குளுக்கும் நடுவுல புளியங்கொட்டை மாதிரி ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. அமுக்கினா நகரல. வலிக்குதான்னு கேட்டேன். "அது நோன்புக்கு முன்னாடியிலேர்ந்து இருக்கு, வலியெல்லாம் இல்ல, நீ முதுகைத் தேயி"ன்னாங்க. நோன்பு முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு.

அன்னைக்கே டாக்டர்கிட்ட போலாம்னேன். வர மாட்டேன்னாங்க. அழுதேன், சத்தம் போட்டேன், பேரப்பிள்ளைங்க மேல சத்தியம் கேட்டேன். வர மாட்டேன்தான்.

காரணம் எனக்குத் தெரியும், அதனாலதான் அழுத்திப் பேச வாய் வரல. 2013ல என்னோட ரெண்டாவது பிரசவம். எந்த ஆஸ்பத்திரின்னு இங்க வேணாம். ராத்திரி ரெண்டு மணி இருக்கும். நான் உள்ள கத்திட்டு இருக்கேன், உம்மா வெளிய பெஞ்சுல. ஒரு நர்ஸ் வந்து, "பிரசவத்துக்குக் கையெழுத்து"ன்னு ஒரு தாளை நீட்டியிருக்காங்க. உம்மா அஞ்சாம் வகுப்பு. பேரை மட்டும் ஒவ்வொரு எழுத்தா வரைவாங்க. அவசரத்துல பாதிப் பேரு எழுதும்போதே தாளை உருவிட்டுப் போயிட்டாங்களாம்.

பதினாலு மாசம் கழிச்சு, ரத்தப்போக்கு நிக்காம, இடுப்பு விட்டுப்போற மாதிரி வலி. வேற ஒரு டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துட்டு, "காப்பர் டி எப்பப் போட்டீங்க?"ன்னு கேட்டாங்க. கர்ப்பம் தரிக்காம இருக்க கர்ப்பப்பையில வைக்கறது. எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. பழைய இடத்துக்கே போய்க் கேட்டோம். ரெக்கார்டைப் புரட்டிப் பார்த்துட்டு, "உங்கம்மாதான கையெழுத்துப் போட்டிருக்காங்க"ன்னாங்க. அதோட விட்டிருந்தாலும் பரவாயில்ல. "உங்க ஆளுங்ககிட்ட கேட்டா வேணாம்னுதான் சொல்வீங்க, அதான் கேக்கறதில்ல"ன்னு ரொம்பச் சாதாரணமா சொன்னாங்க.

உம்மா பக்கத்துல துப்பட்டி முனையை வாயில கவ்விக்கிட்டு நின்னாங்க. பஸ்ல வீடு வர வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. அதுக்கப்புறம் எந்த ஆஸ்பத்திரிப் படியும் ஏறல. சுகர் மாத்திரைகூட மக்களைத் தேடி மருத்துவம் அக்கா வீட்டுக்குக் கொண்டாந்து கொடுக்கறதாலதான் ஓடுது. அந்தக்கா உக்காந்து டீ குடிச்சிட்டு, பேரனுக்குப் பல்லு முளைச்சிடுச்சான்னு கேட்டுட்டுப் போவாங்க. 2020ல கொரோனா நேரத்துல டெல்லி மாநாட்டுக்குப் போயிட்டு வந்தவங்கன்னு டிவியில தினம் தனியா எண்ணிக்கை வாசிச்சாங்களே, அப்ப உம்மாவுக்கு மூச்சு இழுத்துச்சு. அப்பவும் வரல. கேஸ் சிலிண்டர்காரர் நோட்டை நீட்டினாக்கூட தம்பியைத்தான் கையெழுத்துப் போடச் சொல்வாங்க.

பாண்டிச்சேரியில கல்யாணம்னு பொய் சொல்லி ஏத்திட்டு வந்துடலாம்ங்கறான் தம்பி. எனக்கு மனசு ஒப்பல. இன்னொண்ணு, ஊசி குத்தி டெஸ்ட் எடுத்தா கட்டி உடம்பு பூரா பரவிடும்னு பக்கத்து வீட்டு மாமி சொல்லி வச்சிருக்காங்க. அது நெசமா? யாராவது இந்த மாதிரி ஆளைக் கூட்டிட்டுப் போயிருந்தா எப்படிப் பேசினீங்கன்னு சொல்லுங்க.

கெடிலம்_75:

சகோதரி, படிப்பறிவும் விழிப்புணர்வும் இல்லாததுதான் அடிப்படைப் பிரச்சினை. உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் மூலமாக ஜும்ஆவில் பேசச் சொல்லுங்கள். பெண் மருத்துவர்தான் வேண்டும், பர்தா எடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால் நோய் காத்திருக்காது. ஒரு தடவை நடந்ததையே பிடித்துக்கொண்டு பத்து வருடம் வீட்டில் உட்காருவது அறிவீனம்.

கிள்ளை_பொண்ணு:

கெடிலம் சார், நீங்க என்னைக்காவது ஓபி கியூவுல நிக்கறப்ப உங்க சீட்டை மட்டும் தூக்கிப் போட்டிருக்காங்களா? நாங்க இருளர். எங்க பாட்டிக்கு பிபி பார்க்க வந்தவர், பட்டையைப் பாட்டியையே கையில சுத்திக்கச் சொல்லிட்டு, ரெண்டடி தள்ளி நின்னு பார்த்தாரு. பாட்டிக்குப் படிப்பு இல்லதான். ஆனா ரெண்டடின்னா எவ்வளவுன்னு தெரியும்.

வெள்ளாறு அக்கா, பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போகாதீங்க. எங்க சித்திய அப்படித்தான் கூட்டிட்டுப் போனோம். அதுக்கப்புறம் எங்களையும் நம்பல.

நைட்_டூட்டி:

தங்கச்சி, நான் கடலூர் மாவட்டத்துல 33 வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்து 2017ல ரிட்டயர் ஆனவ. உன் பதிவைப் படிச்சிட்டு ராத்திரி தூக்கம் வரல. உன்கிட்ட அப்படிப் பேசினது நான் இல்ல. ஆனா நான் பேசினதே இல்லன்னு சொன்னா பொய்.

எங்களுக்கு மாசாமாசம் மீட்டிங் நடக்கும். குடும்பக் கட்டுப்பாட்டுல எத்தனை, லூப்பு, அதான் காப்பர் டி, எத்தனைன்னு கேப்பாங்க. குறைஞ்சா எல்லார் முன்னாடியும் எழுப்பி நிக்க வைப்பாங்க. 1996ல இனிமே டார்கெட் கிடையாதுன்னு மத்திய அரசு அறிவிச்சுச்சு. எங்க ரெஜிஸ்டர்ல அந்தக் கட்டம் மட்டும் அப்படியேதான் இருந்துச்சு. மாசக் கடைசியில லேபர் வார்டுல படுத்திருக்கற பொண்ணு எங்களுக்கு ஒரு எண்ணா தெரியும். முஸ்லிம் பொண்ணுன்னா "இவங்க ஒத்துக்க மாட்டாங்க"ன்னு நாங்களே முடிவு பண்ணிடுவோம். கேட்டுப் பார்த்தா அதுல பாதிப் பேரு, "ஆமா சிஸ்டர், ரெண்டு போதும், வச்சு விடுங்க"ன்னு சொல்லியிருப்பாங்க. கேக்கவே இல்ல. அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு உண்டு.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஊசி போட்டா பரவும்ங்கறது கட்டுக்கதை. எங்க சொந்தத்துலேயே சொல்வாங்க. கத்தி பட்டதும் ஆள் போயிட்டாங்கன்னு ஒரு கதை எல்லார் வீட்டுலயும் இருக்கும். அவங்க ஆஸ்பத்திரிக்கு வந்ததே முத்தினப்புறமா இருக்கும், அதைக் கதையில விட்டுடுவாங்க. முதல்ல டாக்டர் கையால ரெண்டு பக்கமும் அக்குளும் பார்ப்பாங்க. அப்புறம் மேமோகிராம், ஸ்கேன். மேமோகிராம்ல மாரை ரெண்டு தட்டுக்கு நடுவுல வச்சு அழுத்துவாங்க, சில நொடிதான், ஆனா அழுத்தறப்ப வலிக்கும். அதை முன்கூட்டியே சொல்லிடு, "ஒண்ணும் தெரியாது"ன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போகாத. பயாப்ஸின்னா மரத்துப்போற ஊசி போட்டுட்டு, தடிமனான ஊசியால உள்ளேயிருந்து சேமியாத் துண்டு மாதிரி கொஞ்சம் சதை எடுப்பாங்க. டக்குன்னு ஸ்டேப்ளர் அடிக்கற சத்தம் கேக்கும். பல பேரு வலியை விட அந்தச் சத்தத்துக்குத்தான் அலறுவாங்க. அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம்.

மாருல வர கட்டியில பெரும்பாலானது புற்று இல்ல. ஆனா 61 வயசு, வலியில்ல, நகரல, ஆறு மாசம் ஆகப்போகுதுங்கறே. இதுக்கு மேல தள்ளாத. வலிக்காததாலதான் பொம்பளைங்க விட்டுடறாங்க, வலிச்சிருந்தா எப்பவோ ஓடி வந்திருப்பாங்க.

இன்னொண்ணு. ஆம்பள டாக்டரா இருந்தா, பார்க்கறப்ப கூட ஒரு பொம்பள இருக்கணும்னு கேக்கறது உம்மாவோட உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018ல போட்ட நோயாளி உரிமைப் பட்டயத்துலயே அது இருக்கு. பர்தாவை முழுசா எடுக்க வேண்டியதில்ல. முன்பக்கம் பட்டன் வச்ச நைட்டியை உள்ள போட்டுட்டு வந்தா, பார்க்கற பக்கத்தை மட்டும் திறந்தாப் போதும். "எல்லாத்தையும் கழட்டிட்டு வாம்மா"ன்னு நானே கத்தியிருக்கேன். அவசியமே இல்ல, எங்களுக்குச் சீக்கிரம் முடியணும், அவ்வளவுதான்.

கோரிமேடு_ஸ்டாப்:

நான் புதுச்சேரியில மருத்துவ சமூகப் பணியாளர். நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவுல பேசறதுதான் வேலை. "இந்த அம்மாவுக்குப் புரியல, நீங்க கொஞ்சம் கன்வின்ஸ் பண்ணுங்க"ன்னு ஒரு நாளைக்கு நாலு பேராவது எங்கிட்ட அனுப்புவாங்க. உக்காத்தி வச்சுக் கேட்டா, முக்கால்வாசிப் பேருக்கு நல்லாவே புரிஞ்சிருக்கும். முன்னாடி எங்கயோ ஒரு தடவை ஏமாந்திருப்பாங்க.

வெள்ளாறு அக்கா, உங்க உம்மா தன்னையே குத்தவாளியா நினைச்சுக்கிட்டு இருக்காங்கன்னு தோணுது. நான் போட்ட கையெழுத்தாலதான் மகளுக்கு இப்படி ஆச்சுன்னு. அவங்களுக்கு ஒரு வழக்கைச் சொல்லுங்க. டெல்லியில சமீரா கோலின்னு ஒரு பெண். 1995ல, உள்ள என்ன பிரச்சினைன்னு சின்னத் துளை வழியா லேப்ரோஸ்கோப் கேமரா விட்டுப் பார்க்கறதுக்குத்தான் மயக்க மருந்து கொடுத்தாங்க. அவங்க மயக்கத்துல இருக்கறப்ப, வெளிய காத்திருந்த அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துட்டாங்க. சுப்ரீம் கோர்ட் 2008 ஜனவரி 16ல தீர்ப்புச் சொன்னது. வயசு வந்த, சுயபுத்தியோட இருக்கற ஒரு பெண்ணுக்காக அவங்க அம்மா கொடுத்த சம்மதம் செல்லாது. மயக்கம் தெளியற வரைக்கும் காத்திருந்து அவங்களையே கேட்டிருக்கணும். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்குச் சம்மதம் ஆகாதுன்னு. நஷ்ட ஈடு என்னவோ 25,000 ரூபாய்தான், கேட்டா சிரிப்பீங்க. ஆனா உங்க உம்மாவுக்கு வேண்டியது அந்தத் தீர்ப்புல இருக்கு. 2013ல அந்தப் பெஞ்சுல அவங்க பாதிப் பேரு எழுதின தாளு, உங்க உடம்புக்கு அனுமதிச் சீட்டே இல்ல. தப்பு தாளை நீட்டினவங்களோடது.

கெடிலம் சார் "ஒரு தடவை நடந்தது"ன்னு எழுதியிருக்கீங்க. எமர்ஜென்சி நேரத்துல, 1976 நவம்பர்ல, ஹரியானாவுல உட்டாவர்னு முஸ்லிம்கள் நிறைஞ்ச ஒரு கிராமத்தைப் போலீஸ் சுத்தி வளைச்சு ஆம்பளைங்களைப் பிடிச்சுட்டுப் போய் கருத்தடை பண்ணினாங்க. அந்த ஒரு வருஷத்துல நாடு முழுக்க நடந்த கருத்தடை 80 லட்சத்துக்கு மேல. 2014ல சத்தீஸ்கர் பிலாஸ்பூர் பக்கம் ஒரே முகாம்ல சில மணி நேரத்துல 83 பெண்களுக்கு ஆபரேஷன். முகாமுக்கு அப்புறம் பத்துக்கும் மேல பெண்கள் செத்தாங்க. எல்லாம் ஏழைப் பெண்கள். இதையெல்லாம் வெள்ளாறு அக்காவோட உம்மா பேப்பர்ல படிச்சிருக்க மாட்டாங்க. ஆனா ஊர்ப் பேச்சு எப்படியோ வந்து சேர்ந்துடும்.

அமெரிக்காவுலயும் இதே கதைதான். நம்பாம இருக்கறதைப் பத்தின பேச்சு வந்தா எல்லாரும் முதல்ல டஸ்கிகியைச் சொல்வாங்க. 1932லேர்ந்து 1972 வரைக்கும் சிபிலிஸ்ங்கற பால்வினை நோய் வந்த கறுப்பின ஆம்பளைங்களை, பென்சிலின் வந்தப்புறமும் வைத்தியம் பார்க்காம அரசாங்க டாக்டருங்க வேடிக்கை பார்த்தது. அது ஆம்பளைங்க கதை. உங்க கதைக்குக் கிட்ட வர்றது ஃபேனி லூ ஹேமர். மிசிசிப்பியில பருத்தித் தோட்டத்துல வேலை பார்த்தவங்க, பின்னாடி ஓட்டுரிமைக்காகப் போராடினவங்க. 1961ல கர்ப்பப்பைக் கட்டியை எடுக்கப் போனாங்க. கர்ப்பப்பையையே எடுத்துட்டாங்க. யாரும் அவங்ககிட்ட சொல்லல. தோட்டத்து முதலாளி வீட்டு வம்புப்பேச்சு வழியா அவங்க காதுக்கு வந்து சேர்ந்துச்சு. அப்படி ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு நடந்தது எவ்வளவு சகஜம்னா, அதுக்கு "மிசிசிப்பி குடல்வால் ஆபரேஷன்"னு ஒரு பேரே வந்துடுச்சு.

அந்த நாட்டுல இன்னைக்கும் பேறுகாலத்துல இறக்கற கறுப்பினத் தாய்மாருங்க விகிதம், வெள்ளையினத் தாய்மாரை விட மூணு மடங்குக்கு மேல. 2023 கணக்குப்படி லட்சம் குழந்தைப் பிறப்புக்கு 50.3, வெள்ளையினத்துல 14.5. அவங்க நம்பாம வீட்டுலயே இருந்ததால மட்டும் இது நடக்கல. ஆஸ்பத்திரிக்குப் போய், மூச்சு முட்டுதுன்னு சொன்னப்பவும் காதுல வாங்காததாலயும் நடக்குது. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017ல பிரசவமான மறுநாள், நுரையீரல்ல ரத்தக்கட்டி இருக்கும், ஸ்கேன் எடுங்கன்னு தானே சொல்லியும், மருந்து மயக்கத்துல உளர்றாங்கன்னு ஒரு நர்ஸ் நினைச்சாங்க. விடாம கேட்டதால எடுத்தாங்க. கட்டி இருந்துச்சு. உலக சாம்பியன் சொன்னதுக்கே இந்த மரியாதை.

நடைமுறையா ஒண்ணு: எங்க போனாலும் முதல் நாள் பரிசோதனைக்குன்னு மட்டும் போங்க. அன்னைக்கு எந்த முடிவும் எடுக்க வேணாம்னு உம்மாகிட்ட சொல்லுங்க, சொன்னபடி நடந்துக்கோங்க. கையெழுத்துத் தாளைத் தமிழ்ல வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேளுங்க. ரெக்கார்டு நகல் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும்னு மெடிக்கல் கவுன்சில் 2002 விதியிலயே இருக்கு. சண்டைக்குப் போற மாதிரி விதியை நீட்டாதீங்க. பையில இருக்கட்டும்.

கெடிலம்_75:

கிள்ளை அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என் சீட்டை யாரும் தூக்கிப் போட்டதில்லை. "அறிவீனம்" என்ற வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன்.

நான் பிறந்தது திண்டிவனம். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கேட்ட கதை ஒன்று உண்டு. 1890களில் அங்கே மிஷன் டாக்டராக இருந்தவர் வீட்டில் அவருடைய மகள் ஐடா ஸ்கடர் தங்கியிருந்தார். ஒரே இரவில் மூன்று பேர் தனித்தனியாக வந்து கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவிக்கும் பிரசவ வேதனை. அவர்களில் ஒருவர் முஸ்லிம். அப்பா வருவார் என்றால், ஆண் மருத்துவர் வேண்டாம், நீ வா என்றார்கள். ஐடாவுக்கு அப்போது வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். ஐடா அமெரிக்கா போய் 1899இல் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து வேலூரில் ஆரம்பித்ததுதான் இன்றைய சி.எம்.சி. நான் இந்தக் கதையை இத்தனை நாளும் "மூடநம்பிக்கையால் மூன்று உயிர் போயிற்று" என்றே சொல்லி வந்திருக்கிறேன். ஐடா அம்மையார் அந்த மூன்று வீட்டுக்காரர்களுக்கும் பிரசங்கம் செய்யப் போகவில்லை, தானே டாக்டராகிவிட்டார் என்பது நேற்று ராத்திரிதான் உறைத்தது. எழுபது வயதுக்கு மேல் உறைத்து என்ன பயன் என்று என் மனைவி கேட்கிறாள்.

கடலூரிலிருந்து புதுச்சேரி வரை கார் தேவைப்பட்டால் சொல்லுங்கள். டிரைவரோடு அனுப்புகிறேன்.

வெள்ளாறு_மகள்:

எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹு கைர். மூணு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிச்சுக்கோங்க. கெடிலம் ஐயா, கார் வேணாம்னு சொன்னதுக்குக் கோவிச்சுக்காதீங்க, உம்மா ரயில்லதான் வருவேன்னாங்க.

நைட் டூட்டி அக்கா எழுதினதை உம்மாவுக்கு அப்படியே வாசிச்சுக் காட்டினேன். "கேக்கவே இல்ல, அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு உண்டு"ங்கற இடம் வந்ததும், "இன்னொரு தடவை வாசி"ன்னாங்க. வாசிச்சேன். "அந்தப் புள்ளைக்கு எத்தனை புள்ளைங்க?"ன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல அக்கா, முடிஞ்சா சொல்லுங்க. கேட்டுக்கிட்டே இருக்காங்க.

அந்த டெல்லி கேஸையும் சொன்னேன். ஒண்ணும் பேசல. மீன் ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க, அதைத்தான் பார்த்துட்டு இருந்தாங்க. ராத்திரி படுக்கப் போறப்ப, "அப்ப அந்தக் கையெழுத்து செல்லாதா?"ன்னு கேட்டாங்க. செல்லாது உம்மா. "கோர்ட்டே சொல்லிடுச்சா?" சொல்லிடுச்சு உம்மா. விடிஞ்சு சுபுஹு தொழுதுட்டு வந்து, எந்த டாக்டர்னு கேட்டாங்க.

புதுச்சேரியில பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணுக்குப் போனோம். டோக்கன் போடற இடத்துல மூணு மணி நேரம். "பொம்பள டாக்டர் வேணும்னா லேட்டாகும்"னு கவுண்டர்ல எரிஞ்சு விழுந்தாங்க, உம்மா எழுந்துட்டாங்க. நான் துப்பட்டி முனையைப் பிடிச்சு உக்கார வச்சேன். எல்லாம் மாறிடுச்சுன்னு யாரும் நினைச்சுக்காதீங்க.

உள்ள இருந்தது சின்னப் பொண்ணு, படிச்சுட்டு இருக்கற டாக்டர்னு நினைக்கறேன். கையை ரெண்டையும் உரசிச் சூடு பண்ணிட்டு, "தொடட்டுமா உம்மா?"ன்னு கேட்டுச்சு. நான் உம்மான்னு கூப்பிடறதைக் கேட்டிருக்கும் போல. உம்மா என்னைத்தான் பார்த்தாங்க. அப்புறம் அவங்களே நைட்டிப் பட்டனைக் கழட்டினாங்க.

பயாப்ஸிக்குத் தாள் வந்துச்சு. உம்மா பேனாவை வாங்கிக் கையில வச்சுக்கிட்டாங்க, எழுதல. "முழுசா வாசிம்மா." அந்தப் பொண்ணு வாசிச்சுச்சு. தேவைப்பட்டால் மேற்கொண்டு செய்யப்படும் சிகிச்சைகளுக்கும் சம்மதிக்கிறேன்னு ஒரு வரி வந்துச்சு. "நிறுத்து. இது எதுக்கு?" அது எல்லாத் தாள்லயும் பொதுவா இருக்கும்னு அந்தப் பொண்ணு இழுத்துச்சு. "எனக்கு இன்னைக்கு ஊசி மட்டும்தான்." அந்தப் பொண்ணு எழுந்து உள்ள போய்ப் பெரிய டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்து, அந்த வரியைக் கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல தன் சுருக்கெழுத்தைப் போட்டுச்சு. உம்மா அதுக்குக் கீழ முழுப் பேரையும் எழுதினாங்க. அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும். பின்னாடி கியூவுல ஒரு ஆளு உச்சுக் கொட்டினாரு.

ஸ்டேப்ளர் சத்தம் கேட்டப்ப, "நர்ஸு புள்ள சொன்ன சத்தம்"னு என்கிட்ட சொன்னாங்க.

ரிசல்ட் வர வியாழக்கிழமை. எனக்குச் சோறு இறங்கல. உம்மா அந்தத் தாளுக்கு ஜெராக்ஸ் வேணும்னு கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு வைக்கற பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சிருக்காங்க. தம்பி பொண்டாட்டி என்னதுன்னு கேட்டதுக்கு, "நான் போட்ட கையெழுத்து"ன்னாங்களாம்.